விளப்பில்சாலையும் கொடுங்கையூரும்

சென்னையிலிருந்து மாற்றலாகித் திருவனந்தபுரத்துக்குக் குடிவருகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்பார்கள்: "தெருவில் குப்பைத் தொட்டியையே காணோமே, எங்கே கொட்டுவது?" எங்கும் கொட்டக்கூடாது என்பதுதான் பதில். மீன் முள்ளையும் பலாச்சக்கைத் தோலையும் வீட்டிலேயே மக்க வைக்க வேண்டும். பால் கவரைக் கழுவிக் காயவைத்து, மக்காத குப்பையை வீடுவீடாக வந்து வாங்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வரும் நாள் வரை கட்டி வைத்திருக்க வேண்டும். அவர்கள் வந்தால் குப்பையோடு மாதக் கட்டணத்தையும் கொடுக்க வேண்டும். சென்னையில் பேட்டரி வண்டி வாசலுக்கு வரும், வாளியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விடலாம், யாரும் பணம் கேட்க மாட்டார்கள். "குப்பையையும் கொடுத்துக் காசும் கொடுக்கணுமா?" என்று புதிதாக வந்தவர் பொருமுவது நியாயமாகத்தான் படும். உள்ளூர்க்காரர்களே இன்னும் பொருமிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பக்கத்துப் பக்கத்து மாநிலங்களின் இரண்டு தலைநகரங்கள் இவ்வளவு வேறுபட்ட வழிகளுக்கு வந்தது எப்படி? எந்தத் திட்ட அறிக்கையும் எழுதி முடிவு செய்ததல்ல இது. ஓர் ஊரின் பஞ்சாயத்து பூட்டுப் போட்டது, இன்னோர் ஊரால் போட முடியவில்லை. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

திருவனந்தபுரம் நகரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறது விளப்பில்சாலை. மேடும் பள்ளமுமான நிலம், ரப்பர், தென்னை, நடுநடுவே வீடுகள். 2000ஆம் ஆண்டில் அங்கே 46 ஏக்கரில் மாநகராட்சியின் குப்பை பதப்படுத்தும் ஆலை திறக்கப்பட்டது. குப்பையிலிருந்து உரம் தயாரித்து விற்பதாகத் திட்டம். முதலில் தனியார் நிறுவனம் நடத்தியது, பிறகு மாநகராட்சியே ஏற்றுக்கொண்டது. உரமான குப்பையைவிட ஆகாத குப்பை அதிகமாகி மலையாகக் குவிந்தது. மழை பெய்தால் அதிலிருந்து வடிந்த கறுப்புச் சாறு மீனம்பள்ளித் தோட்டில் (ஓடைக்கு இங்கே தோடு என்று பெயர்) இறங்கி, அங்கிருந்து கரமனை ஆற்றில் கலந்தது. கேரளத்தில் மழை பெய்யாத மாதங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். உலர்ந்த ஊருக்கு எழுதிய திட்டத்தை இங்கே கொண்டுவந்து வைத்தது முதல் கோளாறு என்பேன்.

2011 டிசம்பர் 21 அன்று விளப்பில் கிராம பஞ்சாயத்து ஆலையின் கதவைப் பூட்டியது. 2012 பிப்ரவரியில் நீதிமன்ற உத்தரவோடும் போலீஸ் பந்தோபஸ்தோடும் குப்பை லாரிகள் கிளம்பின. ஆயிரக்கணக்கானவர்கள் சாலையை அடைத்து நின்றார்கள், லாரிகள் திரும்பிப் போயின. அதே ஆண்டு அக்டோபரில் கழிவுநீர் சுத்திகரிப்பு இயந்திரத்தை இரவோடு இரவாக உள்ளே கொண்டுபோய் வைத்தபோது ஊரே கொந்தளித்தது. ஹர்த்தால் நடந்தது, பஞ்சாயத்துத் தலைவி உண்ணாவிரதம் இருந்தார், அரசு இறங்கி வந்தது. பின்னர் பசுமைத் தீர்ப்பாயமும் ஆலையை மூடச் சொன்னது. அப்துல் கலாம் பெயரிலான தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நிரந்தர வளாகத்துக்கு இன்று அதே விளப்பில்சாலையில்தான் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

கொடுங்கையூருக்கு வருவோம். வடசென்னையில் சுமார் 340 ஏக்கர் குப்பைமேடு. தென்சென்னையின் பங்குக்குப் பெருங்குடி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல் சுமார் 225 ஏக்கர். இரண்டும் பல பத்தாண்டுகளாகச் சென்னையின் கழிவைச் சுமந்தவை. நகரம் இன்று ஒரு நாளில் வெளியேற்றும் குப்பை 5,000 டன்னுக்கு மேல். 2022 ஏப்ரலில் பெருங்குடி தீப்பற்றிப் பல நாள் புகைந்தது. அதே ஆண்டில்தான் பள்ளிக்கரணைக்கு ராம்சர் ஈரநிலம் என்ற சர்வதேசத் தகுதி கிடைத்தது. பறவைகளுக்கு அங்கீகாரம், பக்கத்துத் தெருக்காரருக்குப் புகை.

விளப்பிலால் முடிந்தது ஏன் இவர்களால் முடியவில்லை? விளப்பில் தனிப் பஞ்சாயத்து, கொடுங்கையூரோ மாநகராட்சிக்குள்ளேயே இருக்கும் பகுதி என்று ஒரு விடை சொல்லலாம். சொந்த வீட்டுக் கொல்லையில் குப்பை கொட்டும் மாநகராட்சிக்கு எதிராகக் கொடுங்கையூர்க்காரர் யாரிடம் சாவி கேட்பார்? ஆனால் இந்த விடை முழுதாகப் பொருந்தவில்லை. பெருங்குடி 2011 வரை தனிப் பேரூராட்சியாகத்தான் இருந்தது, அதுவும் பூட்டுப் போடவில்லை. கேரளத்தில் 1996க்குப் பிறகு மக்கள் திட்ட இயக்கத்தின் வழியே பஞ்சாயத்துகளுக்குப் பணமும் அதிகாரமும் போய்ச் சேர்ந்தன. ஒரு கிராமப் பஞ்சாயத்துத் தலைவர் தலைநகரின் மேயரை நேருக்கு நேர் மறுத்துப் பேசும் துணிவு அதிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் பேரூராட்சித் தலைவர் மாவட்ட நிர்வாகத்தின் முகம் பார்த்துப் பேசுகிறவர்.

யார் வீட்டு வாசலில் கொட்டப்படுகிறது என்பதும் உண்டு. விளப்பிலில் எதிர்த்து நின்றவர்கள் சொந்த நிலமும் வீடும் கிணறும் உள்ளவர்கள், எல்லாக் கட்சிக்காரர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். கொடுங்கையூரைச் சுற்றியிருப்பவர்களில் பெரும்பகுதி கூலிவேலைக்காரர்கள். குப்பைமேட்டிலேயே பொறுக்கிப் பிழைத்த குடும்பங்களும் அங்கே உண்டு. தங்களுக்குச் சோறும் போட்டு நோயும் கொடுத்த இடத்தை அவர்கள் எப்படிப் பூட்டுவார்கள்? இப்போது இரண்டு மேடுகளிலும் பழைய குப்பையைக் கிளறிப் பிரித்து நிலத்தை மீட்கும் வேலை நடக்கிறது. நல்லதுதான். ஆனால் மீட்கும் கொடுங்கையூரிலேயே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை வைக்கத் திட்டம் வந்தது. 2025 மே மாதம் வடசென்னைக் குடியிருப்போர் சங்கங்கள் மனிதச் சங்கிலியாக நின்றன. காலம் தாழ்ந்து வந்த விளப்பில் என்று அதைச் சொல்லலாம்.

இனி, பூட்டுக்குப் பிந்தைய திருவனந்தபுரம். இங்கேதான் குடியிருப்பவரின் எரிச்சல் தொடங்குகிறது. 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த நகரத்தில் இருந்தவர்களுக்கு அந்த நாற்றம் மறக்காது. சாலையோரங்களில் குப்பை எரிந்தது, கிடைத்த காலி இடத்திலெல்லாம் குழி தோண்டிப் புதைத்தார்கள், சாலை என்ற பெயருள்ள கடைவீதிக்கு அருகே எருமைக்குழியில் மலை குவிந்தது. வேறு நகரமாக இருந்தால் புதிய விளப்பில்சாலை ஒன்றைத் தேடியிருக்கும். இங்கும் தேடினார்கள். எந்தப் பஞ்சாயத்தும் இடம் தரவில்லை. ஆக, கொட்ட இடமில்லாத காரணத்தால் பிறந்த கொள்கைதான் வீட்டிலேயே மக்க வைப்பது. சுற்றுச்சூழல் மாநாடுகளில் இதைத் தொலைநோக்கு என்று புகழ்கிறார்கள். வேறு வழியில்லாமல் செய்தது என்று சொல்வதில் அவமானம் ஒன்றும் இல்லை.

முறை எளியது. தோட்டம் உள்ள வீட்டுக்குக் குழாய்க் கம்போஸ்ட் அல்லது பயோகேஸ் கலம். இடம் குறைந்தவர்களுக்கு அடுக்கு வாளிகளாலான கிச்சன் பின்: சமையல் கழிவைப் போட்டு, மேலே நுண்ணுயிர் கலந்த தென்னை நார்த் துகளைத் தூவி மூட வேண்டும். எதற்கும் இடமில்லாத தெருவுக்குப் பொதுவான ஏரோபிக் பின்: கம்பி வலை அடைத்த பெரிய தொட்டியில் கழிவும் காய்ந்த இலையும் அடுக்கடுக்காகப் போடுவது. திருச்சூர் மாவட்டத்துத் தும்பூர்முழியில், கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பண்ணையில் உருவான முறை என்பதால் அந்த ஊர்ப் பெயரே அதற்கு நிலைத்தது. காற்று உள்ளே போய்வருவதால் நாற்றம் அதிகம் இராது, ஒழுங்காகச் செய்தால். இந்த "ஒழுங்காகச் செய்தால்" என்பதில்தான் எல்லாம் தொங்குகிறது. இரண்டு நாள் நார்த் துகள் போட மறந்தால் புழு நெளியும், ஜூன் மாத ஈரத்தில் வாளி நீர்கட்டும், வயதான தம்பதியால் அதைத் தூக்கிக் கவிழ்க்க முடியாது.

மக்காத குப்பை ஹரித கர்ம சேனையிடம். குடும்பஸ்ரீ என்ற மகளிர் சுயஉதவி அமைப்பின் பெண்களால் ஆனது அது, அவர்களின் வருமானம் பெரும்பாலும் நாம் கொடுக்கும் கட்டணத்தை நம்பியது. கட்டணம் தராவிட்டால் வரிபாக்கி போல வசூலிக்கலாம் என்று சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக்கிடங்கு எரிந்து நகரமே பல நாள் மூச்சுத் திணறியதற்குப் பின் வந்த கெடுபிடி இது. பொது இடத்தில் கொட்டினால் 50,000 ரூபாய் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை என்றும் அப்போதுதான் ஆனது. சென்னையில் இதற்கு நேர் எதிர். சொத்து வரியோடு குப்பைக் கட்டணம் என்று 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது, அடுத்த மாதமே கைவிட்டார்கள். அப்படியானால் சென்னைக்காரர் குப்பைக்குக் காசு கொடுப்பதில்லையா? கொடுக்கிறார், பொது வரிப்பணமாக. கொடுங்கையூர்க்காரர் நுரையீரலாலும் கொடுக்கிறார்.

இரண்டு ஊரிலும் இந்த ஏற்பாட்டின் அடியில் கிடப்பது மலிவான உழைப்புதான் என்பதைத் தாண்டிப் போகக்கூடாது. 2025 ஆகஸ்டில் சென்னையின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை முன் உட்கார்ந்த தூய்மைப் பணியாளர்களை நள்ளிரவில் அப்புறப்படுத்தினார்கள். இங்கே சேனைப் பெண்கள் பிளாஸ்டிக் மூட்டையோடு வீடுவீடாக ஏறி இறங்குகிறார்கள், கதவைத் திறக்காத வீடுகளில் கட்டணமும் இல்லை, மரியாதையும் இல்லை. எங்கள் குடியிருப்பிலேயே "இவர்களுக்கு மாதாமாதம் எதற்குக் கொடுக்க வேண்டும்" என்று கூட்டத்தில் வாதாடியவர்கள், அதே கூட்டத்தில் லிஃப்ட் பராமரிப்புக்கு அதைவிடப் பல மடங்கு கொடுக்கச் சம்மதித்தார்கள்.

இதுவரை வந்ததைக் கொண்டு திருவனந்தபுரத்துக்குப் பரிசு கொடுத்துவிடலாம் போலத் தோன்றும். அதைத் தடுக்கிறது ஆமையிழஞ்சான் தோடு.

சுமார் 12 கிலோமீட்டர் நீளம். நகரின் நடுவே ஓடி, தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் சுரங்கமாக நுழைந்து, தகரப்பறம்பு, கண்ணம்மூலை வழியாக ஆக்குளம் காயலில் விழுகிறது. 2024 ஜூலை 13 அன்று ரயில் நிலையத்தின் அடியில் குப்பை அள்ள இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரை வெள்ளம் இழுத்துக்கொண்டது. பிளாஸ்டிக்கும் சேறும் கெட்டிப்பட்டிருந்த சுரங்கத்துக்குள் முக்குளிப்பவர்களால் போக முடியவில்லை. ஆள் இறங்காமலே பாதாளச் சாக்கடைக் குழிகளைச் சுத்தம் செய்யும் "பாண்டிகூட்" இயந்திர மனிதனை உருவாக்கியது இதே ஊரின் நிறுவனம். அதையும் கொண்டுவந்தார்கள், கொச்சியிலிருந்து கடற்படையினரும் வந்தார்கள். ஜூலை 15 அன்று காலை, தகரப்பறம்பில் உடல் மிதந்தது. அந்த இயந்திரம் காணாமல் போனவரைத் தேடத்தான் பயன்பட்டது. அவருக்குப் பதிலாக அதை முதலில் இறக்க யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு நடந்ததுதான் இந்த ஊர்க்காரரின் அசல் எரிச்சல். ரயில்வே சொன்னது: வெளியிலிருந்து மிதந்து வரும் குப்பை மாநகராட்சியின் பொறுப்பு. மாநகராட்சி சொன்னது: ரயில்வே நிலத்தில் இறங்க எங்களை விடுவதில்லை. தோடோ நீர்ப்பாசனத் துறையின் கையில். உயர் நீதிமன்றம் தானாக வழக்கெடுத்து எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தது. 2015இல் தம்பானூர் வெள்ளத்தைத் தீர்க்க "ஆபரேஷன் அனந்தா" என்று மாவட்ட நிர்வாகம் ஆக்கிரமிப்புகளை இடித்துத் தோடுகளைத் தூர்வாரத் தொடங்கியது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைக் கையிலெடுத்ததால் அப்போது எல்லாத் துறையும் ஒரு குடையின் கீழ் வந்தன. வேலை வேகமாக நடந்தது, பெரியவர்களின் சுவர்களை எட்டியதும் வேகம் தணிந்தது. 2023 அக்டோபர் வெள்ளத்தில் கண்ணம்மூலை, கவுரீசபட்டம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது எல்லோருக்கும் பழைய அனந்தா நினைவுக்கு வந்தது.

தோட்டில் குப்பையைப் போடுவது யார்? கிச்சன் பின் யாருக்குப் பொருந்தவில்லையோ அவர்கள். ஒற்றை அறையில் நான்கு பேர் தங்கும் வடமாநிலத் தொழிலாளர்கள், இரவு பத்து மணிக்கு மேல் களைகட்டும் தட்டுக்கடைகள், வாடகை வீட்டில் வாளி வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்காதவர்கள். கூடவே, இடமும் வசதியும் இருந்தும் ஸ்கூட்டரில் கேரி பேக்கைத் தொங்கவிட்டுப் பாலத்தின் மேல் வண்டியை மெதுவாக்குகிற கனவான்கள். முதல் வகையினருக்கு ஏற்பாடு வேண்டும், இரண்டாம் வகையினருக்கு அபராதம் வேண்டும். மாநகராட்சி இருவருக்கும் கேமராவையே வைத்தது.

விளப்பில்சாலையைத் திறந்தே வைத்திருந்தால் தோடு சுத்தமாக இருந்திருக்கும் என்று இங்கே இன்னும் சிலர் சொல்கிறார்கள். அவர்களுக்குச் சென்னையைக் காட்ட வேண்டும். கொடுங்கையூரும் பெருங்குடியும் அகலத் திறந்தே கிடந்தன. கூவம் சுத்தமாக இருந்ததா? ஓட்டேரி நல்லா, பக்கிங்ஹாம் கால்வாய்? தம்பானூரில் ரயில் நிலையம் தோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சென்னையில் பறக்கும் ரயிலின் தூண்களைப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளேயே இறக்கினார்கள். அங்கும் நீர்வளத் துறை, மாநகராட்சி, குடிநீர் வாரியம், ரயில்வே என்று நாலு பேர். குப்பைக்கிடங்கு இருப்பதும் இல்லாததும் நீர்வழியின் கதியை மாற்றவில்லை. இரண்டு ஊரும் ஒத்துப்போகும் இன்னோர் இடம் இது.

பொறுப்பு பல கைகளில் சிதறிக் கிடக்கும் இதே கதைதான் திருவனந்தபுரத்தின் குடிதண்ணீரிலும். 2024 செப்டம்பரில் நாகர்கோவில் ரயில் பாதையை இரட்டிப்பாக்குவதற்காகக் குழாய்களை இடம் மாற்றினார்கள். ஒன்றிரண்டு நாளில் முடியும் என்ற வேலை இழுத்துக்கொண்டே போனது. நகரின் பெரும்பகுதிக்கு நாள் கணக்கில் தண்ணீர் இல்லை, செப்டம்பர் 9 அன்று பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். குழாய் நீர் ஆணையத்துடையது, பாதை ரயில்வேயுடையது, திட்டு வாங்கியது வார்டு கவுன்சிலர்.

திட்டு வாங்க ஒரு கவுன்சிலராவது இருந்தாரே என்றும் பார்க்க வேண்டும். சென்னை மாநகராட்சிக்கு 2016 அக்டோபரிலிருந்து 2022 தொடக்கம் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. அந்த ஆண்டுகளில் 200 வார்டுகளின் குறைகளை அதிகாரிகளிடம்தான் சொல்லி அழ வேண்டியிருந்தது. இங்கே ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கிறது, கோபம் ஓட்டாக மாறுகிறது. 2025 டிசம்பரில் 101 வார்டுகளில் 50ஐப் பிடித்து பாஜக, நீண்ட கால இடதுசாரி ஆட்சியை மாற்றியது. யார் வந்தாலும் தோடு ஒன்றுதான் என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அந்தச் சலிப்பைத் தெரிவிக்கவாவது ஒரு நாளும் ஒரு பெட்டியும் வேண்டும்.

திருவனந்தபுரத்தின் மேல் எனக்குள்ள பெரிய குறையை இனிச் சொல்கிறேன். தன் ஊர்ப் பஞ்சாயத்துகளின் வாசலில் கொட்டக்கூடாது என்று கற்றுக்கொண்ட நகரம், மலைக்கு அந்தப் பக்கமும் ஊர்கள் இருக்கின்றன என்பதைக் கற்கவில்லை. 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்துக் கோடகநல்லூர், நடுக்கல்லூர்ப் பக்கத்தில் மூட்டை மூட்டையாக மருத்துவக் கழிவு கிடந்தது. உள்ளே இருந்த சீட்டுகள் திருவனந்தபுரத்து மருத்துவமனைகளுடையவை. மூன்று நாளில் அள்ளிக்கொண்டு போங்கள் என்று பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. இங்கிருந்து அதிகாரிகள் லாரிகளோடு நெல்லைக்குப் போய் அள்ளி வந்தார்கள். வீட்டுக்காரரிடம் பால் கவரைக் கழுவிக் கொடு என்று கேட்கும் ஊரில், மருத்துவமனையின் ஒப்பந்தக்காரர் எல்லை தாண்டிக் கவிழ்த்துவிட்டு வர முடிந்தது. சின்னக் குப்பைக்குக் கண்காணிப்பு, பெரிய குப்பைக்கு லாரி.

இருந்தாலும், எந்த ஏற்பாடு மேல் என்று கேட்டால் தயங்காமல் திருவனந்தபுரம் என்பேன். 426 சதுர கிலோமீட்டர் சென்னையில் இதை அப்படியே செய்ய முடியாது என்ற வாதம் உண்மைதான். ஆனால் அண்ணா நகரின், அடையாறின் தனி வீடுகளில் முடியாதா? எம்.பி. நிர்மல் 1989இல் தொடங்கிய எக்ஸ்னோரா, தெருக்காரர்களே பணம் போட்டு ஆள் வைத்துக் குப்பை எடுக்கும் வழக்கத்தைச் சென்னைக்குக் காட்டியதே. 2000இல் தனியார் வண்டிகள் வந்ததும் அந்தப் பழக்கம் மெல்ல மறைந்தது. இலவசமும் வசதியும் சேர்ந்து அதை அழித்தன என்பது என் எண்ணம்.

திருவனந்தபுரத்தில் செய்ய வேண்டியது புதிய கிடங்கு தேடுவதல்ல. தம்பானூர், சாலை, மெடிக்கல் காலேஜ் பகுதிகளில் இரவு முழுக்கத் திறந்திருக்கும் பொதுக் குப்பை மையங்கள் வேண்டும், அங்கே ஆள் இருக்க வேண்டும். வடமாநிலத் தொழிலாளர் விடுதிகளின் குப்பைக்கு விடுதி உரிமையாளரே பொறுப்பு என்று உரிமத்தில் எழுத வேண்டும். ஆமையிழஞ்சான் தோட்டை ஊற்றுக்கண்ணிலிருந்து ஆக்குளம் வரை, ரயில்வேயின் அடியில் ஓடும் பகுதி உட்பட, ஒரே அமைப்பின் கையில் கொடுக்க வேண்டும். அதன் தலைவர் பெயரும் தொலைபேசி எண்ணும் தோட்டின் ஒவ்வொரு பாலத்திலும் எழுதியிருக்கட்டும். அதுவரை சேனைப் பெண்களுக்கு மாதக் கட்டணத்தை முணுமுணுக்காமல் கொடுங்கள், ரசீதையும் கேட்டு வாங்குங்கள். வரிபோல வசூலிக்கிறவர்களிடம் வரி கொடுத்தவராகக் கணக்குக் கேட்க அந்த ரசீது உதவும்.